மடக்குமூடிப் பிளாஸ்டிக் பெட்டி: நான்கு மாற்றலுக்குப் பிறகு

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். கல்யாணமான 11 வருடத்தில் 6 தடவை வீடு மாறியிருக்கிறோம். முதல் இரண்டு தடவை அட்டைப்பெட்டியில் கட்டினோம். அப்புறம் நான்கு தடவையும் மடக்குமூடிப் பிளாஸ்டிக் பெட்டிதான். இப்போது வீட்டில் 24 பெட்டிகள் இருக்கின்றன. ராணுவக் குடும்பத்துக்கு இது ஒத்துவருமா என்று புதிதாகக் கல்யாணமான பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால், பட்ட அனுபவத்தை முழுசாக எழுதுகிறேன்.

எந்தப் பெட்டி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கடைகளுக்குக் குடோனிலிருந்து சரக்கு வருமே, அந்தப் பெட்டி. மேலே ஜன்னல் கதவு மாதிரி இரண்டு மூடிகள், பெட்டியோடேயே சேர்ந்திருக்கும். நடுவில் பல்லும் பல்லும் கோத்துக்கொண்டு மூடும். மூடி தனியாகக் கழன்று தொலைய வழியில்லை. அடிப்பக்கம் 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம். சரக்கு அடுக்கும் மரப்பலகையில் பரவலாக உள்ள ஓர் அளவு 120-க்கு 80 செ.மீ. அதில் ஓர் அடுக்குக்கு நான்கு பெட்டிகள் இடைவெளி இல்லாமல் உட்காரும். லாரியில் ஏற்றுபவர்கள் இதைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் அடுக்குவது அதனால்தான்.

அட்டைப்பெட்டியை விட்டதற்குக் காரணம் எங்கள் இரண்டாவது மாற்றல். போன இடத்தில் வீடு ஒதுக்கத் தாமதமானதால் சாமான்கள் ஐந்து மாதம் குடோனில் கிடந்தன. வரும் வழியில் மழை வேறு. லாரியின் தார்ப்பாய் கிழிந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. ஈரம் இழுத்த அட்டை வலுவிழந்துவிடும். மேலே இருந்த பாரத்தில் கீழ்வரிசை அப்படியே அமுங்கிப்போயிருந்தது. கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன. என் அப்பா இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி அட்டை வேண்டாம் என்று.

இந்தப் பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது, காலியாக இருக்கும்போது மூடிகளை வெளிப்பக்கம் தொங்கவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும். காலிப் பெட்டிகள் எல்லாம் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு அடுக்காக நிற்கின்றன. எப்போது உத்தரவு வரும் என்று தெரியாத வாழ்க்கையில், உத்தரவு வந்த பிறகு பெட்டி தேடி அலைய வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. மற்றவர்கள் வீடு மாறும்போது நாள் குறித்து மாறுவார்கள். நமக்குச் சில சமயம் இரண்டு வாரம்கூடக் கிடைக்காது. அதிலும் கணவர் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டால், கட்டுவது முழுக்க நம் தலையில்தான்.

அதனால் எடை விஷயத்தில் கவனமாக இருங்கள். ஒரு பெட்டி 50 லிட்டருக்கு மேல் கொள்ளும். புத்தகத்தால் நிரப்பினால் 35 கிலோவைத் தாண்டிவிடும். பெட்டி தாங்கும், நம் முதுகு தாங்காது. நான் அடியில் ஒரு வரிசை புத்தகம், மேலே துணி என்று வைக்கிறேன். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, இடையிடையே துண்டும் தலையணை உறையும் செருகுவேன். படுத்திருக்கிற தட்டு மேலுள்ள பாரத்தை முழுசாக வாங்கும், நிற்கிற தட்டு அவ்வளவு வாங்காது. ஒரு கணக்கு மட்டும் வைத்திருக்கிறேன்: நான் ஒருத்தியாகத் தூக்க முடியாத பெட்டியை மூடுவதில்லை.

இப்போது குறைகள். ஐந்தாவது மாற்றலில் கடுங்குளிர்ப் பகுதிக்குப் போனோம். லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு பெட்டி கைநழுவி இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தது. வெயில் ஊரில் அதே உயரத்திலிருந்து பல தடவை விழுந்த பெட்டிதான். அன்றைக்கு மூலையில் சடக்கென்று சத்தம், கையை நுழைக்கிற அளவுக்கு விரிசல். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்று இருந்தது. அது பாலிப்ராப்பிலீன். நல்ல உறுதியான பிளாஸ்டிக்தான், ஆனால் தண்ணீர் உறைகிற குளிரில் விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முக்கோணத்துக்குள் 2 இருந்தால் அது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். அது குளிரிலும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். வாங்கும்போது கடையிலேயே கவிழ்த்துப் பாருங்கள். எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று நம்மால் சொல்ல முடியாது, அதனால் 2-ஐயே எடுப்பது நல்லது. எதுவானாலும் வருடக்கணக்கில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

மூடி காற்றுப்புகாத மூடி இல்லை. மேலே தண்ணீர் ஊற்றினால் பல் இடுக்கு வழியாக இறங்கும். தூசியும் இறங்கும். துணி, படுக்கை, ஆல்பம் வைக்கிற பெட்டிக்குள் தடிமனான பாலித்தீன் பையை முதலில் விரித்து, நிரப்பியதும் வாயை முறுக்கிக் கட்டிவிடுகிறேன். உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து. புதுச் செருப்பு, கைப்பை வாங்கும்போது கிடைப்பதை எல்லாம் ஒரு மூடிபோட்ட டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்று முக்கியம்: லேசான ஈரத்தோடு துணியை உள்ளே வைத்துப் பையைக் கட்டிவிட்டால் பூஞ்சை பிடிப்பது உறுதி. கடைசித் துவையல் லாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

கீல் கம்பியையும் பாருங்கள். மூடியைப் பெட்டியோடு பிடித்திருப்பது ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. அதன் நுனி சில பெட்டிகளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என் சின்னவன் பெட்டிமேல் ஏறி விளையாடியபோது புறங்கையில் நீளமாகக் கிழித்துவிட்டது. இப்போது எல்லா நுனியையும் குறடால் உள்பக்கம் மடக்கி, மேலே துணி டேப் ஒட்டியிருக்கிறேன். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை வாங்கிய அன்றைக்கே செய்துவிடுங்கள்.

பெட்டிமேல் என்ன எழுதுவது என்பதில் நமக்குத் தனிக் கவனம் வேண்டும். பெயர், பதவி, படைப்பிரிவு எதையும் எழுதாதீர்கள். 'நகை', 'கேமரா' என்று உள்ளே இருப்பதையும் எழுதாதீர்கள். பல கை மாறிப் போகிற சாமான் இது. நான் நான்கு பக்கமும் எண் மட்டும் போடுகிறேன். எந்த எண்ணில் என்ன என்பது ஒரு நோட்டில் இருக்கும், அந்தப் பக்கங்களின் படம் என் போனிலும் அவர் போனிலும் இருக்கும். மூடியின் ஓரத்தில் இருக்கிற இரண்டு ஓட்டைகளிலும் கேபிள் டை (அறுத்தால்தான் கழலுகிற பிளாஸ்டிக் பட்டி) போட்டு இறுக்கிவிடுவேன். வழியில் யாராவது திறந்திருந்தால் இறக்கும்போதே தெரிந்துவிடும்.

அந்த நோட்டு எவ்வளவு உதவும் என்று போன குளிர்காலத்தில் பார்த்தேன். அவர் முதலில் போய்விட்டார், நானும் பிள்ளைகளும் சாமானோடு பின்னால் போனோம். வீட்டுக்குள் கால் வைத்த அரை மணி நேரத்தில் போன். "அந்தக் கம்பளிக் கையுறை எங்க இருக்கு, ஒருத்தர் அந்தப் பக்கம் வர்றார், கொடுத்துவிட முடியுமா?" என்றார். நோட்டைப் பார்த்தேன்: 14, வலது பக்கம், அடியில். வந்தவர் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அட்டைப்பெட்டிக் காலமாக இருந்தால் கையுறை கிடைக்கும்போது குளிர் முடிந்திருக்கும்.

மூத்தவளுக்கென்று ஒரு பெட்டி, எண் 7. அவளே கட்டுவாள், நான் திறந்து பார்ப்பதில்லை. இரவு விளக்கு, பழைய போர்வை, அவள் வரைந்த படங்கள் என்று மேலே வைத்துக்கொள்வாள். கடைசியாக ஏறி முதலில் இறங்குகிற பெட்டி அது. புது வீட்டில் கட்டில் பூட்டுவதற்கு முன்னாலேயே அந்த விளக்கு எரிந்துவிடும். மூன்றாவது மாற்றலில் வாரக்கணக்கில் ராத்திரி அழுதவள், இப்போது முதல் நாளே தூங்கிவிடுகிறாள். இந்தப் பெட்டிக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி இதற்காகத்தான்.

அலமாரி இல்லாத வீடு வாய்த்தால் பெட்டிகளே அலமாரி. மூடியை வெளியே தொங்கவிட்டுப் பக்கவாட்டில் படுக்கவைத்து மூன்றை அடுக்கினால் செருப்பு, பள்ளிப் புத்தகம் எல்லாம் அடங்கும். பெட்டியின் வாய் அடிப்பாகத்தைவிட அகலம், அதனால் அடுக்கு கொஞ்சம் பின்பக்கம் சாயும். மூன்றையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் இந்தப் பெட்டி போதாது. சான்றிதழ்கள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருந்து, அவர் இல்லாதபோது நான் கையெழுத்துப் போட உதவும் அதிகாரப் பத்திரம் ஆகியவை என் தோள்பையில்தான் வரும். லாரியில் ஏறவே ஏறாது. அவருடைய சீருடை, பூட்ஸும் தனிப் பையில். எங்களுக்கு முன்னால் அவர் கிளம்ப நேரலாம். முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரத்துக்கு வாங்கும்போது வந்த போக்குவரத்து போல்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் 1-ஆம் எண் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றை இயந்திரத்தின் பின்பக்கம் முடுக்காமல் லாரியில் ஏற்றினால் உள்ளே டிரம் ஆடி இயந்திரமே கெட்டுவிடும். ஃபிரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுபோகச் சொல்லுங்கள். வழியில் படுக்கவைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால், கம்ப்ரஸர் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்கும்வரை நிமிர்த்திவைத்துக் காத்திருந்து, அப்புறம் பிளக் போடுங்கள்.

உறுதி, அடுக்க வசதி, தினசரிப் பயன் மூன்றுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஈரம், குளிர், கீல் கம்பி ஆகியவற்றுக்காக ஒன்று குறைத்து 5-க்கு 4. நான்கு மாற்றலில் 24-இல் உடைந்தது ஒன்றே ஒன்று. அந்த விரிசல் பெட்டியையும் தூக்கிப் போடவில்லை, பின்பக்கத்தில் செடித்தொட்டி வைக்க உதவுகிறது. அதற்குப் பதிலாக ஒன்றும் கூடுதலாக ஏழும் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன், அடியில் 2 போட்டதாகப் பார்த்து. பிள்ளைகள் வளர்கிறார்கள், சின்னவனும் தனக்கென்று ஓர் எண் கேட்கிறான்.