முன்பக்கக் கண்ணாடி வைத்த கம்ப்யூட்டர் கேபினெட் வாங்கப் போகிறீர்களா? 7,400 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். கேபினெட்டில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை. பெயர் வேண்டாம். என் கம்ப்யூட்டரில் ஐ5 12400 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. இரண்டும் சூடாகாமல் ஓட வேண்டும், கலர் லைட் முக்கியமில்லை என்று தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். முன்னால் மூன்று 120 மி.மீ. ஃபேன், பின்னால் ஒன்று. கண்ணாடி மறைத்தால் காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்டேன்.

"ஓரத்துல கேப் இருக்கு தம்பி, அது போதும். என் பையனே வீட்டுல இதைத்தான் ஓட்டறான்" என்றார். அதோடு விடவில்லை. ஃபேனை ஓடவிட்டு, பில் புக்கிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முன்னால் நீட்டினார். தாள் சட்டென்று ஃபேன் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் 7,400 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். அந்த நேரத்தில் முகப்புக் கண்ணாடி மேஜைமேல் கிடந்தது. "தூசி ஃபில்டரைக் காட்டறேன்" என்று சொல்லி அவர்தான் முன்பே கழற்றி வைத்திருந்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் மாட்டி, கண்ணாடியை மூடி, ஒரு கேம் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கார்டு 84 டிகிரி. பிராசஸர் 92. கண்ணாடியைக் கழற்றினால் கார்டு 71-க்கு இறங்குகிறது. மூடினால் மறுபடி ஏறுகிறது. ஓரத்து இடுக்கில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. அங்கே டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பார்த்தேன், அசையவே இல்லை. மூக்கைப் பொத்திவிட்டு ஓடச் சொன்ன மாதிரி மூன்று ஃபேன் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. முன்னால் காற்று வராததால் பின்பக்க இடுக்குகள் வழியாக வடிகட்டாத தூசியோடு இழுக்கிறது.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். திறந்து பார்த்தால் எல்லா ஃபேனும் மோலெக்ஸ் வயரில், அதாவது பவர் சப்ளையிலிருந்தே கரண்ட் எடுக்கும் வயரில், நேராக 12 வோல்ட்டில் போகிறது. மதர்போர்டுக்கு அதன்மேல் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. எப்போதும் ஒரே இரைச்சல். மேல்பக்கக் காந்த ஃபில்டர் என்று பெட்டியில் படம் இருக்கிறது, உள்ளே இல்லை.

வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. போன் செய்தால் "பிராசஸர் மேல தடவற பேஸ்ட் சரியா வச்சிருக்க மாட்டீங்க" என்றார். அப்புறம் "மெட்ராஸ் வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்". நேரில் போய் நின்றேன். வாங்கும்போது தம்பி, இப்போது சார். "மாட்டின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார், கம்பெனிகிட்ட கேளுங்க." எந்தக் கம்பெனி? பில்லில் 'கேபினெட் - 1, ரூ.7,400' என்று மட்டும் இருக்கிறது. மாடல் பெயரே இல்லை. இன்னும் இரண்டு ஃபேன் வாங்கிப் போடுங்கள் என்று என்னிடமே விற்கப் பார்த்தார். அடைத்த கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை ஃபேன் போட்டு என்ன பயன்? சேர்த்து வைத்த 7,400 ரூபாய் அது.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு: முன்பக்கம் வலை வைத்ததையே கேளுங்கள். ஃபேனை ஓட்டிக் காட்டினால் எல்லா மூடியையும் மாட்டச் சொல்லி அப்புறம் தாளைப் பிடியுங்கள். ஃபேன் வயர் மோலெக்ஸா, மதர்போர்டில் மாட்டி வேகத்தை மாற்றக்கூடிய நான்கு பின்னா என்று பாருங்கள். பில்லில் மாடல் பெயர் எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் அங்கே புகார் பதிவு செய்துவிட்டேன். பணம் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. அந்த 7,400 ரூபாயை விடுவதாக இல்லை.