பழைய வின்செஸ்டருக்கு ‘புது மெருகு’ போட்டுத் தருகிறேன் என்பவரிடம் உஷார்

அமெரிக்காவின் கொலராடோவில் நடக்கும் கன் ஷோக்களில், அதாவது துப்பாக்கிச் சந்தைகளில், ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பழைய துப்பாக்கியின் வரலாறு, மதிப்பீடு, சுத்தம் மூன்றும் ஒரே இடத்தில் என்று பலகை வைத்திருப்பார். பேச்சு தேன். அமெரிக்கக் குடும்பத்தில் சம்பந்தம் செய்து, வீட்டுப் பரணில், அடியில் உள்ள லீவரை இழுத்து ரவை (தோட்டா) ஏற்றும் ஒரு லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் கிடப்பவர்கள் யாராவது இருந்தால், அவரிடமோ அவரைப் போன்ற ஆளிடமோ கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மாமனார் வீட்டில் அவருடைய தாத்தா காலத்து வின்செஸ்டர் கம்பெனியின் மாடல் 1873 துப்பாக்கி ஒன்று இருந்தது. 38-40 என்ற அளவு ரவை போடும் ரகம். எண்கோண பேரல் (குழல்), ஆனால் வழக்கமான 24 அங்குலத்தைவிடக் குட்டை. இரும்பெல்லாம் மங்கிப் பழுப்பேறி இருந்தாலும், ரவை நுழைக்கும் வாயின் ஓரத்திலும் பக்கத் தகட்டின் விளிம்பிலும் நீலமும் காவியும் கலங்கிய திட்டுகள் லேசாகத் தெரியும். பின்கட்டையின் இரும்புத் தகட்டில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் பேரல் துடைக்கும் கம்பி, துண்டு துண்டாகக் கழற்றி உள்ளே வைத்தபடி இருக்கும். என் மகனுக்கு அந்தக் கதவுதான் துப்பாக்கியிலேயே பெரிய விஷயம்.

அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளத்தான் மாமனார் அந்த மனிதரிடம் கொடுத்தார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. 1873 மாடலில் ஏறக்குறைய 7,20,000 செய்திருக்கிறார்கள், இதில் அபூர்வம் ஒன்றும் இல்லை. பேரலை யாரோ பிற்காலத்தில் அறுத்திருக்கிறார்கள். டிரிகர் முன்னும் பின்னும் ஆடுகிறது, பழுது. சேகரிப்பவர்கள் சீந்த மாட்டார்கள், ஆகவே புதுசு போல ஆக்கிவிட்டால் சுவரில் மாட்ட அழகாக இருக்கும்.

அந்த 7,20,000 கணக்கு உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் மற்ற பொய்யெல்லாம் விற்றிருக்கிறார்.

திரும்பி வந்த துப்பாக்கி கருநீலமாகப் பளபளத்தது. பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்துப் புதிதாக ப்ளூயிங் என்ற கருநீலப் பூச்சு போட்டிருக்கிறார். எண்கோண பேரலின் முனைகள் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிவிட்டன. திருகாணிக் குழிகளின் விளிம்பு கிண்ணம் போல உள்வாங்கிவிட்டது. பேரல் மேல் ‘கிங்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’ என்று தொடங்கும் காப்புரிமை வரியில் பாதி எழுத்தை விரலால் தடவினால்கூடத் தெரியவில்லை. தொழிற்சாலையில் இருந்து வரும்போது மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். இப்போது மரம் இரும்புக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது, அதையும் உப்புத்தாள் போட்டு இழைத்துவிட்டார். நம் ஊர்க் கோயில்களில் சுத்தம் செய்கிறேன் என்று மணல் வீச்சு அடித்துக் கல்வெட்டை அழித்தார்களே, அதே வேலை.

கூடவே தங்க விளிம்பு போட்ட ஒரு சான்றிதழ். ‘எல்லைப்புற ஷெரிஃப் ஒருவர் பயன்படுத்தியிருக்க வாய்ப்புண்டு’ என்று அதில் ஒரு வரி. எதை வைத்து என்று கேட்டால், அந்தக் காலத்துத் துப்பாக்கி ஆச்சே என்கிறார்!

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. வயோமிங்கில் கோடி என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு எழுதினாள். வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் அங்கேதான் இருக்கின்றன. மாடலையும் சீரியல் நம்பரையும் கொடுத்து, கட்டணம் கட்டினால், பேரேட்டில் உள்ளதைக் கடிதமாகத் தருவார்கள். 1873 மாடலுக்குச் சில எண்கள் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. 1892 மாடலுக்கு சீரியல் நம்பர் 3,79,999 வரை, 1894 மாடலுக்கு 3,53,999 வரைதான். மார்லின் கம்பெனியின் பழைய லீவர் ரைஃபிள்களுக்கும் 1906 வரையிலான பதிவுகள் அங்கே உண்டு.

கடிதம் வந்தது. ரைஃபிள், 38 காலிபர், எண்கோண பேரல், நீளம் 22 அங்குலம், செட் டிரிகர், கேஸ் ஹார்டனிங் செய்த உடல் (மேற்பரப்பைச் சுட்டுக் கடினமாக்கும் முறை, அதில்தான் நீலமும் காவியும் கலந்த நிறம் வரும்). அனுப்பிய ஆண்டு 1880களின் நடுவில்.

அதாவது பேரலை யாரும் அறுக்கவில்லை, ஆர்டர் கொடுத்தவரே குட்டையாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். அறுத்திருந்தால் முன் குறிமுள்ளின் இடம் மாறியிருக்கும், அடியில் ஓடும், ரவைகள் நிற்கும் மேகஸின் குழாயையும் வெட்டி மூடியிருப்பார்கள். டிரிகர் பழுதும் இல்லை. செட் டிரிகரை முன்னால் தள்ளினால் ‘க்ளிக்’ என்று நிற்கும், பிறகு தொட்டாலே போதும், சுடும் சுத்தியல் விழும். டிரிகருக்குப் பின்னால் அதற்கென்று ஒரு குட்டித் திருகாணியே இருக்கிறது. ‘நிபுணர்’ கண்ணில் அது படவில்லை. எனக்கு அதிகம் வலிப்பது அந்த நீலமும் காவியும் கலந்த திட்டுகள்தான். 1873க்கு வழக்கமான பூச்சு ப்ளூயிங். கேஸ் ஹார்டனிங் தனிக்காசு கொடுத்துக் கேட்டால் மட்டும். அந்த அபூர்வத்தின் மிச்சச் சாட்சியைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதன் மேலேயே ப்ளூயிங் அடித்திருக்கிறார்.

ஷெரிஃப் கதைக்கும் பேரேடு துணை நிற்காது. வாங்கியவர் பெயரைப் பொதுவாக அதில் எழுதவில்லை, கிடங்குக்கு வந்த தேதி, அனுப்பிய தேதி, ஆர்டர் எண், இவ்வளவுதான். வெல்ஸ் ஃபார்கோ என்ற பழைய சரக்கு வண்டிக் கம்பெனியின் காவலர் வைத்திருந்தது, ஷெரிஃப் வைத்திருந்தது என்றெல்லாம் சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால், அந்தக் காலத்து ரசீதோ கடிதமோ போட்டோவோ காட்டச் சொல்லுங்கள். துப்பாக்கியில் குத்திய முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், போலி முத்திரை குத்துவது இங்கே பழைய தொழில்.

லைசென்ஸ் இருக்கிறதா என்று அவரைக் கேட்டும் பயனில்லை. 1898லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிகள் அமெரிக்க மத்திய சட்டப்படி பழம்பொருள். அவற்றை மட்டும் வாங்கி விற்கவும் பழுது பார்க்கவும் மத்திய அரசின் துப்பாக்கி லைசென்ஸ் தேவையில்லை. சில மாநிலங்களில் தனி விதிகள் உண்டு. மற்றபடி யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். சுத்தம் செய்யச் சம்மதித்து மாமனார் போட்ட கையெழுத்தை நீட்டினார். மதிப்பே இல்லை என்று பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து அது. சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறோம், பெயரை இங்கே எழுதாததும் அதனால்தான். பின்கட்டைக்குள் இருந்த கம்பித் துண்டுகளும் திரும்பி வரவில்லை. அப்படி எதுவுமே உள்ளே இல்லை என்று எழுத்திலேயே பதில் கொடுத்திருக்கிறார். கதவு திறந்து, கம்பிகள் தெரிய, என் மகன் போன வருடம் எடுத்த வீடியோவை மனுவோடு சேர்த்திருக்கிறோம்.