192 என்று காட்டிய டிஏசியை நம்பி ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கோட்டைவிட்டேன்

வீட்டு மியூசிக் செட்டப் ஒன்றை எனக்கு விற்ற ஆளுக்கு நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக் கடைசியாக ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. காலையில் பார்த்தால் அவருடைய படமே காணோம். பிளாக் செய்துவிட்டார். கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் இது கோர்வையாக இருக்காது. போனது ஒன்றரை மாதச் சம்பளம். (டிஏசி என்றால் கணினியிலிருந்து வரும் டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி. வரும் ஒலி எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று என்னுடையதன் திரை காட்டும்.)

கடையின் பெயரைப் போடவில்லை. நாளைக்கே வேறு பெயரில் வந்து உட்காருவார்கள். ஹைஃபை சாமான் விற்கும் ஆன்லைன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 'முழு செட்டப்' என்று ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். லாஸ்லெஸ், அதாவது தரம் குறையாத, ஸ்ட்ரீமிங் சந்தா ஓர் ஆண்டுக்கு, வீட்டு மியூசிக் சர்வர் மென்பொருளுக்கு ஆயுள் லைசென்ஸ், இரண்டையும் அவர்களே ரிமோட்டில் வந்து இணைத்துக் கொடுப்பது.

நான் கேட்டது ஆகாத காரியம் ஒன்றும் இல்லை. வருஷக் கணக்கில் சேர்த்த சிடிக்களை ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) கோப்புகளாக ரிப் செய்து ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். அந்தக் கோப்புகளும் ஸ்ட்ரீமிங் ஆல்பங்களும் ஒரே திரையில், ஒரே லைப்ரரியாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். ரூன் என்ற மென்பொருள் இதைச் செய்கிறது, டைடல், கோபஸ் என்ற ஸ்ட்ரீமிங் சேவைகள் அதில் நேரடியாக இணையும். ஆடிர்வானாவும் செய்கிறது. பழைய ஸ்க்வீஸ்பாக்ஸ் பிளேயர்கள் காலத்து சர்வர் மென்பொருள் இப்போது லிரியன் என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது, பிளகின் போட்டால் அதிலும் வரும். இதெல்லாம் எனக்கு மேலோட்டமாகத் தெரியும். உட்கார்ந்து செய்யத்தான் சோம்பல். அந்தச் சோம்பலுக்குத்தான் ஒன்றரை மாதச் சம்பளம்.

அந்த ஆள் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். அவசரப்படுத்தவே இல்லை. "காசு அப்புறம் பாத்துக்கலாம் சார், மொதல்ல கேளுங்க" என்றார். ரிமோட்டில் என் கணினிக்குள் வந்து இரண்டு மணி நேரம் பொறுமையாக ஒவ்வொன்றாகச் செய்தார். என் ஆல்பம் கவர்கள் கலைந்து கிடந்ததைக்கூடக் கேட்காமலே சரிசெய்து கொடுத்தார். பிறகு, "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு ஒண்ணு போடுங்க" என்றார். நான் ஒரு பழைய மோனோ பதிவைப் போட்டேன். "இப்ப ஸ்பீக்கர விடுங்க, டிஏசியப் பாருங்க."

பார்த்தேன். எப்போதும் 44.1 என்றே காட்டும் டிஏசியின் சின்னத் திரையில் 192 என்று வந்தது. ஆரஞ்சு நிறத்தில், பளிச்சென்று. உள்ளே ஒரு ரிலே 'டிக்' என்று சத்தம் போட்டது. அந்த டிக் சத்தத்தில்தான் நான் விழுந்தேன். "பாத்தீங்களாண்ணா, ஸ்டுடியோவுல இருக்கறது அப்படியே உங்க வீட்டுல" என்றார். அதுவரை சார், அந்த நொடியிலிருந்து அண்ணா. "கார்டுல போட்டா கமிஷன் போகும்ணா, நேரா அனுப்பிடுங்க, கொஞ்சம் கொறச்சுக்கறேன்." அனுப்பினேன். கூடவே 'எம்கியூஏ முழு டிகோடர்' என்று ஒன்றையும் தள்ளிவிட்டார், அதற்குத் தனிக் காசு. எம்கியூஏ என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஒரு வடிவம். அதை வைத்திருந்த டைடலே 2024 ஜூலையில் கைவிட்டு ஃப்ளாக்குக்குப் போய்விட்டது. எந்தப் பாட்டை டிகோட் செய்வதற்கு எனக்கு அதை விற்றார் என்று இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் இரண்டு வாரம் சொர்க்கம். எதைப் போட்டாலும் 192. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். சவுண்டு எவ்வளவு விரிகிறது பாருங்கள் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன், வெட்கக்கேடு.

சந்தேகம் வந்தது என் சொந்த சிடியால். நானே ரிப் செய்த கோப்பைப் போட்டபோதும் 192 காட்டியது. சிடி என்றால் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். எந்தக் கொம்பன் வந்தாலும் அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. மென்பொருளுக்குள் நுழைந்து ஒலி போகும் பாதையைத் திறந்து பார்த்தேன். நடுவில் அப்சாம்பிளிங் என்று ஒரு படி, 'அதிகபட்சம்' என்று போட்டு வைத்திருக்கிறார். அதாவது மென்பொருள் தானே கணக்குப் போட்டு இடையில் புள்ளிகளை நிரப்பி 192 ஆக்கி டிஏசிக்கு அனுப்புகிறது. டிஏசி என்ன செய்யும், வந்ததைக் காட்டுகிறது. அப்சாம்பிளிங் தப்பு என்று சொல்லவில்லை, விரும்பிப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைக் காட்டி ஸ்டுடியோ என்று விற்பது அயோக்கியத்தனம்.

அதைவிட மோசம், ஸ்ட்ரீமிங் பாட்டுகளுக்கு அதே பாதையின் முதல் வரியில் இருந்தது: எம்பி3, 320 கேபிபிஎஸ். லாஸ்லெஸ்ஸே இல்லை! அப்போதும் நம்ப மனசு வரவில்லை. ரவுட்டர் கணக்கைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஸ்ட்ரீமிங் கேட்டதற்கு 300 எம்பிகூட ஆகவில்லை. சிடி தரம் சுருக்காமல் 1411 கேபிபிஎஸ், ஒரு மணி நேரத்துக்கே 600 எம்பியைத் தாண்டும். ஃப்ளாக் அதை ஏறக்குறைய பாதியாக்கும் என்று வைத்தாலும் என் கணக்கு எங்கேயோ பாதாளத்தில் கிடக்கிறது. (காதால் கண்டுபிடித்தேன் என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். இல்லை, கண்டுபிடிக்கவில்லை.)

கேட்டேன். "அது டிஸ்பிளே பக் அண்ணா, அடுத்த அப்டேட்ல சரியாயிடும்." சரி என்று விட்டேன். ஆமாம், அப்போதும் விட்டேன்.

இருபத்து மூன்றாவது நாள் ஸ்ட்ரீமிங் ஆல்பம் அத்தனையும் லைப்ரரியிலிருந்து காணாமல் போனது. சேவையின் செயலியைத் திறந்தால், குடும்பத் திட்டத்திலிருந்து நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்று ஒரு வரி. எந்தக் குடும்பம்? யாரோ முகம் தெரியாத ஒருவரின் குடும்பக் கணக்கில் என்னை ஓர் உறுப்பினராகச் செருகியிருக்கிறார்கள். குடும்பத் திட்டம் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு என்பதுதான் பொதுவாக விதி, சேவைக்காரர்கள் நீக்கியதில் குற்றம் சொல்ல முடியாது. நான்கு நாள் கழித்து மென்பொருளின் 'ஆயுள்' லைசென்ஸும் வேறொரு கணினியில் ஓடுகிறது என்று சொல்லி நின்றுபோனது. என்ன ஆயுளோ.

அதற்குப் பிறகு வந்த பதில்களை அப்படியே தருகிறேன். முதல் நாள், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணா." மூன்றாம் நாள், "சர்வர் மெயின்டனன்ஸ், 48 மணி நேரம்." ஒரு வாரம் கழித்து, "டெக்னிகல் டீமுக்கு அனுப்பியிருக்கேன் சார்." கவனியுங்கள், அண்ணா போய் மறுபடி சார். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும், "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது, பில்லிலேயே போட்டிருக்கு." பில்லே தரவில்லையே என்றேன். நான் கேட்டதெல்லாம் ஒன்றரை மாதச் சம்பளத்தில் பாதியாவது. அதற்கு ஒரு கும்பிடு எமோஜி. அப்புறம் நேற்று ராத்திரி அந்த நீல டிக். வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், புகார் பதிவு செய்கிறோம், பார்க்கலாம் என்கிறார்கள்.

இந்த விஷயத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, தோன்றியதை மட்டும் போடுகிறேன். சந்தாவைச் சேவையின் சொந்தப் பக்கத்தில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே எடுங்கள். மென்பொருளும் அப்படியே, முதலில் சோதனைக் காலத்தில் ஓட்டிப் பாருங்கள். எல்லா சேவையும் ஒரே மென்பொருளில் வரும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ரூனுக்குள் ஸ்பாட்டிஃபையோ ஆப்பிள் மியூசிக்கோ வராது, என்னிடம் அதையும்தான் வரும் என்றார்கள். டிஏசி காட்டும் எண்ணைப் பார்க்காதீர்கள், மென்பொருளில் ஒலிப் பாதையின் முதல் வரியைப் பாருங்கள். யாரையாவது ரிமோட்டில் விட்டிருந்தால் அந்தச் செயலியை நீக்கிவிட்டு எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நான் இன்று காலையில்தான் மாற்றினேன். மாற்றும்போதுதான் பார்த்தேன், என் மின்னஞ்சலில் எனக்குத் தெரியாத ஒரு சாதனம் லாகின் ஆகி இருந்தது. பத்தொன்பது நாளாக.