கோவை காக்ளியர் கிளினிக்கில் ஒரு காலையும் பெரியப்பாவின் காதிரைச்சலும்

காது கேளாதவர்களே வந்து காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் எண்ணை வாயால் கூவி அழைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. கோவையின் பெயர்பெற்ற தனியார் மருத்துவமனை ஒன்றில், பெரியப்பாவின் காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவை செய்து உட்செவியில் பொருத்தும் செவிக்கருவி) மேப்பிங்குக்காக, அதாவது கருவியின் ஒலி அளவுகளைச் சரிசெய்வதற்காகச் சென்றபோது அதைத்தான் கண்டேன். வரவேற்பு மேசைப் பெண் முகக்கவசத்தை இறக்காமலேயே, கையிலிருந்த ஃபைலைப் பார்த்தபடி எண்ணைச் சொல்கிறார். பக்கத்தில் டிவி அலறுகிறது. மூன்று முறை கூப்பிட்டும் யாரும் எழாவிட்டால் அந்த ஃபைல் அடுக்கின் அடிக்குப் போய்விடுகிறது. உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பெரியப்பாவுக்கு முகக்கவசத்தில் என்ன தெரியும்? நான் பணம் கட்டப் போயிருந்த நேரத்தில் எங்கள் ஃபைலும் அடிக்குப் போயிருந்தது. பணம் கட்டும் இடத்தில் மட்டும், எண்கள் சிவப்பாக ஓடும் பலகை ஒன்று பளிச்சென்று இருந்தது.

நான் வசிக்கும் ஆஸ்திரேலியாவின் மெல்பன், 1978-இல் கிரேம் கிளார்க் என்ற மருத்துவர் தாம் உருவாக்கிய, பல மின்முனைகள் கொண்ட காக்ளியர் கருவியை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய ஊர். அங்கே ஆடியாலஜிஸ்டே (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) வெளியே வந்து, எதிரில் நின்று, முகம் பார்த்து அழைத்துச் செல்வார். ஆனால் அவசரமில்லாத சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையில் நாள் கிடைப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே போனதும் எரிச்சல் இறங்கிவிட்டது. அந்த இளம் ஆடியாலஜிஸ்ட் பெரியப்பாவிடம் நேராகக் கேட்டார்: "ஐயா, காதுக்குள்ள இரைச்சல் இப்ப எப்படிங்க இருக்குது?" அறுவைக்கு முன்னும் பின்னும் இந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. "மெஷின் மாட்டியிருக்கறப்ப இல்லீங்கம்மா. ராத்திரி கழட்டி வெச்சாத்தானுங்க வண்டு கத்துது" என்றார், நூற்பாலை ஷிப்டுகளில் காதைத் தொலைத்த அந்த மனிதர்.

செவியிலிருந்து வரவேண்டிய ஒலி குறையும்போது மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, அப்போது வெளியே இல்லாத ஒலியும் கேட்கத் தொடங்குகிறது என்பதே காதிரைச்சலுக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் என்றார் ஆடியாலஜிஸ்ட். காக்ளியர் கருவி உட்செவியில் ஒலியை உணரும், பழுதான மயிர்க்கலங்களைத் தாண்டிச் செவிநரம்பையே மின்சாரத்தால் தூண்டுவதால், பலருக்கு இரைச்சல் தணிகிறது, சிலருக்கு மாற்றமில்லை, ஒரு சிறு பகுதியினருக்குக் கூடுவதும், அறுவைக்குப் பின் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஒரு காது மட்டும் செவிடாகி, தாங்கமுடியாத இரைச்சலால் அவதிப்பட்டவர்களுக்கு இதே கருவியைப் பொருத்தி, இரைச்சல் வெகுவாகக் குறைந்ததைப் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். ஆனாலும் பெரியப்பாவைப் போல இரண்டு காதும் கேளாதவர்களுக்கு இது முதன்மையாகக் கேட்பதற்கான கருவிதான். இரைச்சல் குறைவது கூடுதல் லாபம்.

பிறகு பெரியப்பாவின் கருவியிலுள்ள 22 மின்முனைகளையும் ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, கூர்மையான ஒலிக்குரிய சிலவற்றில் மின்தூண்டலின் மேல் அளவைச் சற்று இறக்கினார். தொட்டித் தண்ணீரில் சில்லறை போட்டதுபோல் கேட்ட என் குரல், அப்போதுதான் பேச்சாகக் கேட்கிறது என்றார் பெரியப்பா.

இரவுக்கு வழி கேட்டோம். மற்றவர்களுக்குச் சொல்வதுபோல் மின்விசிறிச் சத்தத்தையோ மெல்லிய பாட்டையோ துணைக்கு வைத்துக்கொள்ள முடியாது. கருவியைக் கழற்றினால் அவருக்கு எதுவுமே கேட்காது. ஆகவே எட்டு மணிக்கே கழற்றி உலர்த்தும் டப்பாவில் போடுவதை விட்டு, கண் செருகும்வரை மாட்டியிருக்கச் சொன்னார். கழற்றிய பிறகும் சிலருக்குக் கொஞ்ச நேரம் இரைச்சல் அடங்கியே இருக்கும், அதற்குள் தூங்கிவிடலாம் என்பது கணக்கு. பெரியப்பாவுக்கு அது பெரும்பாலும் பலிக்கிறது.

தமிழக முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை இலவசம். பெரியப்பா வயதுக்காரர்கள் சேமிப்பைக் கரைத்துத்தான் செய்துகொள்கிறார்கள். அப்படிப் பல லட்சம் வாங்கிக்கொள்கிற இடத்தில், கழற்றினால் இரைச்சல் திரும்பலாம் என்ற ஒற்றை வரியை, அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கிய தாளிலேயே தமிழில் அச்சடித்திருக்கலாம். அது இல்லாததால்தான் கருவி கெட்டுவிட்டதென்று நினைத்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பல வாரம் விழித்துக் கிடந்திருக்கிறார்.