காரைக்குடியில் ஒரு மருத்துவக் கலந்தாய்வு வழிகாட்டி மையம்

மகளின் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்காக 8,000 ரூபாய் கட்டி இம்மையத்தை நாடினோம். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்வதையும், அதன் முதல் சுற்றில் கிடைக்கும் இடத்தை வைப்புத்தொகை இழக்காமல் விட்டுவிடலாம், இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் அத்தொகை போய்விடும் என்பதையும், உடன் வந்திருந்த என் ஆத்தாவுக்கும் புரியும்படி விளக்கினார்கள். கல்லூரி விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தியதிலும் குறையில்லை.

ஆனால், அகில இந்திய ஒதுக்கீட்டின் முதல் சுற்றில் வெளிமாநிலக் கல்லூரி ஒன்றும், மாநில ஒதுக்கீட்டில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தபோது, "கடைசி நாள் வரை இரண்டையும் விடாதீங்க சார்" என்று ஆலோசகர் கூறியது உறுத்தியது. முடிவெடுக்கச் சில நாள் வேண்டும் என்பது நியாயம். போகப்போவதில்லை என்று தெரிந்த பின்னும் பிடித்துவைப்பது, அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் வேறொரு பிள்ளையைத் தவிக்கவிடுவதாகும். (எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் ஒருவரே இரண்டு இலைக்கு முன் அமர்ந்தால் யார் பொறுப்பார்கள்?) மறுநாளே வெளிமாநில இடத்தை விட்டுக்கொடுத்தோம்.

விதிகளைத் தெரிந்துகொள்ளச் செல்லலாம். அறிவுரையை வீட்டில் ஒருமுறை பேசிப் பார்த்த பின் ஏற்கவும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண்.