பழைய ஹைபிரிட் காருக்கு பேட்டரி பேக்: புதுசா, செகண்ட் ஹேண்டா, மாட்யூல் மாற்றமா, லித்தியமா?

பேக் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதும் எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, ஏன் போனது என்பதை. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். கடற்காற்றில் உப்பு, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, கத்திரி வெயிலில் நிழலில்லாத பார்க்கிங். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு பேக்கை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

இங்கே பேசப்போவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் உள்ள வண்டிகளைப் பற்றி. 2010-ல் இந்தியாவுக்கு வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மாட்யூல், 201.6 வோல்ட். 2013-ல் வந்த காம்ரி ஹைபிரிட்டில் 34 மாட்யூல், 244.8 வோல்ட். இரண்டிலும் ஒரு மாட்யூலுக்கு 6 செல், 7.2 வோல்ட், 6.5 ஆம்பியர்-அவர் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு). 2008-ன் சிவிக் ஹைபிரிட்டின் 158.4 வோல்ட் பேக் வேறு ஜாதி. அதில் எஞ்சினைக் கிளப்பத் தனியாக 12 வோல்ட் ஸ்டார்ட்டர் உண்டு. பிரியஸிலும் காம்ரியிலும் அது கிடையாது. பேக் படுத்தால் வண்டியும் படுத்துவிடும்.

திறந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்

பேக்குக்குத் தனி ஏசி இல்லை. பின் சீட்டை ஒட்டியுள்ள வலை வழியாக, காருக்குள் இருக்கும் காற்றை ஒரு ஃபேன் இழுத்து மாட்யூல்களுக்கு நடுவே ஓடவிடும். அந்த ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். இறகுகளுக்கு நடுவே சாம்பல் நிறத் தூசி கம்பளி மாதிரி அப்பியிருக்கும். விரலால் இழுத்தால் பாய் போல உரிந்து வரும். காற்று வழி அடைத்தால் நடு மாட்யூல்கள்தான் முதலில் வேகும், ஓரத்தில் உள்ளவை தப்பிக்கும். பத்து, பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஃபேனைச் சுத்தம் செய்வது நம் பக்கத்து வண்டிகளுக்குக் கட்டாயம். வலைக்கு எதிரே பை, துணி வைப்பதும் கூடாது.

அடுத்தது பஸ்பார். மாட்யூல்களை இணைக்கும் செப்புப் பட்டைகளில் முலாம் போய்ப் பச்சைக் களிம்பு படிந்திருந்தால், நல்ல மாட்யூல்கூட ஸ்கேனரில் வோல்டேஜ் குறைவாகக் காட்டும். பேக்கை மாற்றச் சொல்லும் பி0ஏ80 என்ற எரர் கோடு வந்துவிட்டது என்பதால் மட்டும் பேக் செத்தது என்று அர்த்தமில்லை. ஓபிடி (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாக்கெட்) புளூடூத் அடாப்டரை மாட்டி, பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் மாதிரி ஓர் ஏற்றத்தில் அழுத்தி ஓட்டிக்கொண்டே பிளாக் வோல்டேஜைப் பாருங்கள் (ஓட்டுவது ஒருவர், பார்ப்பது இன்னொருவர்). இரண்டு மாட்யூல் சேர்ந்தது ஒரு பிளாக். பிரியஸில் 14, காம்ரியில் 17. நல்ல பேக்கில் வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். ஒரே ஒரு பிளாக் மட்டும் 1.2 வோல்ட் கீழே தொங்கினால் அதில் ஒரு செல் ஷார்ட். எல்லாமே தாறுமாறாக ஆடினால் மொத்த பேக்கும் கிழடாகிவிட்டது.

பி0ஏஏ6 என்ற கோடு வந்தால் கதை வேறு. உயர் மின்னழுத்தம் பாடிக்குக் கசிகிறது என்று பொருள். மாட்யூலிலிருந்து எலக்ட்ரோலைட் வழிந்து இரும்புத் தட்டில் வெள்ளைப் பொடியாகப் படிந்திருக்கிறதா என்று தேடுங்கள். அது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு; கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது.

திறக்கும் முறை: வண்டியை அணைத்துச் சாவியைத் தூரமாக வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். 1000 வோல்ட்டுக்கான ரப்பர் கையுறையுடன் ஆரஞ்சு சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, வேலை செய்பவர் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கெபாசிட்டர்கள் இறங்கப் பத்து நிமிடம் பொறுங்கள். பிளக்கைப் பிடுங்கினால் வெளியே போகும் கேபிளுக்குத்தான் மின்சாரம் நிற்கும். பேக்குக்குள் மாட்யூல் வரிசையில் உயிரை வாங்கும் வோல்டேஜ் அப்படியே இருக்கிறது. மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாம் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

ஒன்றிரண்டு மாட்யூல் மட்டும் மாற்றுவது

செலவு மிகக் குறைவு. அதனால்தான் அதிகம் பேர் இதில் விழுகிறார்கள். எல்லா மாட்யூலும் ஒரே தொடரில் இருப்பதால் ஒரே கரண்ட்தான் எல்லாவற்றின் வழியாகவும் போகிறது. பேக்கைச் சுமார் 40 முதல் 80 சதவீதத்துக்குள் கம்ப்யூட்டர் வைத்திருக்கும். இந்த 40 சதவீத இடைவெளி என்பது 6.5-ல் 2.6 ஆம்பியர்-அவர். பன்னிரண்டு வருஷ மாட்யூலில் மிச்சம் 3 ஆம்பியர்-அவர்தான் என்றால், அந்த இடைவெளிக்குள்ளேயே அது கிட்டத்தட்டக் காலியாகிவிடும். அதற்கு மேலும் கரண்டை இழுத்தால் செல்லின் பிளஸ், மைனஸ் தலைகீழாகத் திரும்பிச் சூடாகி உப்பும். நடுவில் ஒரு நல்ல மாட்யூலைச் சொருகுவதால் பக்கத்தில் உள்ள கிழங்களுக்கு இளமை வராது. இந்த மாதம் ஏழாவது போகும், அடுத்த மழைக்குப் பன்னிரண்டாவது.

இரண்டே இடங்களில் இது சரி: பேக் ஐந்தாறு வயசுக்குள் இருந்து ஒன்று மட்டும் கசிந்திருந்தால், அல்லது சில மாதங்களில் வண்டியைக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால். இரண்டாவதில் வாங்குபவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

முழு ரீகண்டிஷன்

ஒழுங்காகச் செய்தால் மதிப்புள்ள வேலை. ஒழுங்கு என்றால் என்ன? ஒவ்வொரு மாட்யூலையும் ஏற்றி, 6 வோல்ட் வரை இறக்கி, மறுபடி ஏற்றி, குறைந்தது மூன்று சுற்று. ஹாபி சார்ஜரில் ஓர் ஆம்பியர் சொச்சத்தில் இறக்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். மூன்று சுற்றுக்கு ஒரு மாட்யூலுக்கு இருபது மணி நேரம். நாலு சேனல் சார்ஜர் என்றால் பிரியஸின் 28-ஐ முடிக்க, இரவும் பகலும் ஓடினாலும், ஆறு நாள். காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அங்கே நடப்பது ரீகண்டிஷன் இல்லை. பஸ்பாரைத் துடைத்து ஒரு மாட்யூலை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

சார்ஜ் ஏற்றும்போது மாட்யூல்கள் இரண்டு பக்கமும் இறுக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு உப்பும். தகர ஷெட்டுக்குள் மே மாத மத்தியானத்தில் இதைச் செய்யவே கூடாது. நிக்கல் செல் சூட்டில் சார்ஜை வாங்காது. ஏற்றியதெல்லாம் வெப்பமாகப் போய்விடும், அளவும் பொய்யாக வரும். ஏற்றிய பிறகு ஒரு வாரம் சும்மா வைத்து எது தானாக இறங்குகிறது என்று பார்ப்பவரே தொழில் தெரிந்தவர். பிறகு ஒவ்வொன்றுக்கும் 55 வாட் ஹெட்லைட் பல்பை இரண்டு நிமிடம் போட்டு வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று ஒப்பிட வேண்டும்.

28 அல்லது 34 மாட்யூல்களின் ஆம்பியர்-அவர் எண்களும் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். 4 ஆம்பியர்-அவருக்குக் கீழே உள்ளது எதுவும் திரும்ப உள்ளே போகக்கூடாது. பூட்டும்போது பஸ்பார் நட்டுக்கு 5.4 நியூட்டன்-மீட்டர்தான். ராட்செட் ஸ்பேனரால் கண்மூடித்தனமாக முறுக்கினால் முனை சுழன்று சீல் உடையும். இன்று நன்றாக இருந்த மாட்யூல் ஆறு மாதத்தில் கசிய ஆரம்பிக்கும். நன்றாகச் செய்த பேக்குக்கும் ஒன்றிரண்டு வருஷத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் பேக்

விபத்தில் போன வண்டியின் பேக் நல்ல சரக்கு, வெள்ளத்தில் போன வண்டியின் பேக் விஷம். 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் எத்தனை கார்களை முக்கின என்பது நமக்குத் தெரியும். புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளோ வேறெங்கேயோ, வாங்குமுன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபேன் கூட்டின் மூலையில் காய்ந்த சேற்றுக் கோடு, சர்வீஸ் பிளக் பக்கத்து ஸ்க்ரூவில் துரு, கனெக்டர் பின்களில் பச்சை: ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று, மாட்யூல்களின் மேல் அச்சிட்ட சீரியல் எண்களை வரிசையாகப் படியுங்கள். எல்லாம் ஒரே வரிசையில் இருந்தால் கம்பெனியில் கட்டியபடியே இருக்கிறது. நடுவில் இரண்டு மூன்று எண் சம்பந்தமில்லாமல் இருந்தால் ஏற்கெனவே யாரோ ஒட்டுப்போட்ட பேக். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்ததும் தானாக இறங்கியிருக்கும். மாட்டியதும் எரர் வந்தால் செத்தது என்று முடிவுகட்டாமல் மாட்யூல்களின் சார்ஜை ஒருமுறை சமன் செய்து பார்க்கலாம்.

புது பேக்

மூன்று வருஷத்துக்கு மேல் வைத்திருக்கப்போகிறவருக்கு இதுதான் எங்கள் பரிந்துரை. முதலில் கை கடிக்கும். ஆனால் மூன்று தடவை சீட்டைக் கழற்றி, மூன்று தடவை கூலி கொடுத்து, நடுவழியில் இழுவை வண்டிக்குப் போன் போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர், சென்ஸ் வயர் (பிளாக் வோல்டேஜை அளக்கும் வயர்), ஃபேன் இவற்றில் எது கூட வருகிறது, எது பழையதிலிருந்து மாறுகிறது என்று எழுதி வாங்குங்கள். பழைய சென்ஸ் வயர் உப்பில் அரித்திருந்தால் புது பேக்கிலும் அதே எரர் வரும். தயாரித்த தேதியையும் கேளுங்கள்.

பணம் கட்டுமுன் இரண்டு விஷயம். தனியார் பெட்ரோல் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. 2010 பிரியஸுக்கு அது முடிந்துவிட்டது, 2013 காம்ரிக்கு 2028-ல் முடியும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் எண்ணமில்லாத வண்டிக்குப் புது பேக் வீண். அடுத்து, மூன்றாம் தலைமுறை பிரியஸில் இஜிஆர் (எஞ்சின் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் வழி) அடைப்பும் ஹெட் கேஸ்கெட்டும் தெரிந்த தொல்லைகள். காலையில் கிளப்பும்போது எஞ்சின் உதறினாலோ, கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்தாலோ முதலில் அதைப் பாருங்கள்.

லித்தியம் கிட்

எடை குறைவு, சூட்டையும் ஓரளவு தாங்கும். ஆனால் வண்டியின் கம்ப்யூட்டர் நிக்கல் கணக்கில்தான் யோசிக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் வோல்டேஜ் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்ற கணிப்பு தடுமாறும். நிக்கல் செல் கொஞ்சம் அதிகம் ஏறினாலும் வெப்பமாக விட்டுவிட்டுப் பொறுத்துக்கொள்ளும், லித்தியம் பொறுக்காது. ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனிக்கும் பிஎம்எஸ் இல்லாத கிட்டைத் தொடவே வேண்டாம். கம்பெனி அனுமதிக்காத மாற்றம் என்பதால் வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கேள்வியும் வரும். இப்போதைக்கு எங்கள் ஓட்டு இதற்கு இல்லை.

எதைப் போட்டாலும் பழைய பேக்கைக் காயலான் கடையில் முழுசாகத் தூக்கிப் போடாதீர்கள். 2022-ன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அது மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். புதிது விற்பவரிடமே திரும்ப எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். வீட்டிலோ ஷெட்டிலோ வைக்க நேர்ந்தால், கையுறை போட்டு பஸ்பார்களைக் கழற்றி, 200 வோல்ட் பேக்கைத் தனித்தனி 7.2 வோல்ட் துண்டுகளாக்கி, முனைகளில் டேப் ஒட்டி வையுங்கள். சம்மட்டியோடு பிரிக்க வரும் பையனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.