மூன்று வருடம் ஒரே இயர்போன்: போனது டிரைவர் இல்லை, வயர்தான்

ஜாக்கை ஒரு மாதிரி வளைத்துப் பிடித்து, விரலை எடுத்தால் ஒரு பக்கம் செத்துவிடுமே என்று பயந்து பயந்து பாட்டுக் கேட்டிருக்கிறீர்களா? நான் நான்கு இயர்போன்களில் அப்படிக் கேட்டிருக்கிறேன். நான்குமே விலை குறைந்தவை, ஒன்றுகூட ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. ஐந்தாவதாக வாங்கியது மூன்று வருடம் முடிந்தும் ஓடுகிறது. இதை எழுதும்போதும் காதில் அதுதான் இருக்கிறது.

மாடல் பெயரைச் சொல்லி லாபமில்லை, அது இப்போது கிடைப்பதில்லை. ஆனால் அதே அமைப்பில் ஏகப்பட்டது வந்துவிட்டது. காதுக்குள் நுழையும் வகை. பக்கத்துக்கு ஒரே ஒரு 10 மி.மீ. டைனமிக் டிரைவர், அதாவது சத்தத்தை எழுப்பும் குட்டி ஸ்பீக்கர். 3.5 மி.மீ. ஜாக். வயர் காதுக்கு மேலே சுற்றிப் பின்பக்கமாக இறங்கும். முக்கியமாக, வயரைக் கழற்றி மாட்டலாம். அந்தக் கடைசி விஷயத்தை வாங்கும்போது நான் கவனிக்கவே இல்லை.

முதல் மூன்று நாள் எனக்கு இதைப் பிடிக்கவில்லை. குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. எந்த இயர்போன் வாங்கினாலும் நான் முதலில் போடுவது மிருதங்கத் தனி ஆவர்த்தனம். ஒரே வாத்தியத்தில் இரண்டு எல்லையும் கிடைத்துவிடும்: வலது முகமான வலந்தலையில் கூர்மையான அடி, இடது முகமான தொப்பியில் அடிவயிற்றிலிருந்து எழும் கும்கி என்ற முழக்கம். இதில் வலந்தலை மட்டும் ‘டிக் டிக்’ என்று கேட்டது, தொப்பியைக் காணோம். திருப்பி அனுப்பிவிடலாம் என்று பெட்டியில்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் படுத்துக்கொண்டு கேட்கும்போது தலையணை இடது பக்கத்தைக் கொஞ்சம் அழுத்தியது. சட்டென்று கும்கி வந்தது. தலையைத் தூக்கினால் போய்விட்டது, சாய்த்தால் மறுபடி வந்தது. அப்போதுதான் உறைத்தது, கோளாறு இயர்போனில் இல்லை, முனையில் மாட்டியிருக்கும் ரப்பர் டிப்பில். பெட்டியில் மூன்று அளவு கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே மாட்டியிருந்த நடு அளவை அப்படியே விட்டிருந்தேன். இடது காதுக்குப் பெரிய அளவை மாட்டினேன், வலதுக்கு நடு அளவே சரியாக இருந்தது. இரண்டு காதும் ஒரே அளவு என்று யார் சொன்னார்கள்?

பேஸ், அதாவது கும்கி போன்ற கனத்த கீழ் ஒலி, என்பது காதுக்குள் அடைபட்ட காற்று மெதுவாக அழுந்தித் தளர்வதுதான். டிப்புக்கும் காதுத் துளைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். மேல் ஸ்தாயி அப்படிக் கசிவதில்லை. அதனால்தான் சரியாக அடைக்காத இயர்போன் சத்தம் குறைந்ததாகத் தோன்றாது, சத்தம் மெலிந்ததாகத்தான் தோன்றும். ‘இதில் பேஸே இல்லை’ என்று யாராவது திட்டினால் நான் முதலில் சந்தேகப்படுவது அவர் மாட்டியிருக்கும் டிப்பைத்தான். சோதிப்பதும் சுலபம். 50 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியை ஓடவிட்டு, இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது ஒலி பெருகினால் அளவு சரியில்லை.

ரொம்ப இறுக்கமாக அடைத்தாலும் ஒரு தொல்லை உண்டு. மாட்டும்போது உள்ளே ‘டப்’ என்று சிலந்தி வலை கிழிவது மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்கும். காற்றழுத்தத்தில் டிரைவரின் மெல்லிய சவ்வு மடங்கி நிமிர்கிறது, அவ்வளவுதான். எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, மெதுவாகத் திருகி உள்ளே விட்டால் அந்தச் சத்தம் வருவதில்லை. வளர்ந்தவர்களுக்குக் காதுக் குழாய் அப்படி இழுத்தால்தான் நேராகும்.

சரி, பொருந்திய பிறகு சவுண்ட் எப்படி? விலைக்கு நல்லது, குறை ஒன்றே ஒன்று. விலை குறைந்த இயர்போன்களில் பலவும் பேஸையும் ட்ரெபிள் என்ற கூர்மையான மேல் ஒலியையும் தூக்கி, நடுவைப் பள்ளமாக்கித்தான் வருகின்றன. முப்பது விநாடி கேட்பவருக்கு அது அமர்க்களமாக இருக்கும். மூன்று மணி நேரம் கேட்பவருக்குத் தலை வலிக்கும். இதில் பேஸ் அளவாக இருக்கிறது. தம்புராவைத் தனியாக ஓடவிட்டால் ஒரே மீட்டலுக்குள் மேலே மேலே கிளம்பும் உபசுரங்களை எண்ணிவிடலாம் போலத் தெளிவு. பேஸ் தாறுமாறாக உப்பிய இயர்போனில் தம்புரா வெறும் ‘உம்ம்’ என்று ஒரு போர்வையாகிவிடும்.

குறை ‘ஸ்’, ‘ஷ்’ ஒலிகளில் இருக்கிறது. ‘சரஸ்வதி’, ‘கஷ்டம்’, ‘வருஷம்’ என்று யாராவது மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினால் அந்த எழுத்து மட்டும் சாட்டை மாதிரி சுரீரென்று விழுகிறது. பாட்டில் அவ்வளவாகத் தெரியாது, பேச்சில் தெரியும். ஒரு மணி நேர உரையாடல் கேட்டு முடித்ததும் காது களைத்துப் போவது இதனால்தான். போனில் ஒவ்வொரு ஒலிப் பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 6,000, 7,000 ஹெர்ட்ஸ் பகுதியை 3 டெசிபல் இறக்கினேன், அதோடு அடங்கியது. விமர்சனம் எழுதுகிறவர்கள் இசையை மட்டுமே போட்டுப் பார்க்காமல் தமிழில் யாராவது வேகமாகப் பேசுவதையும் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு எழுதினால் புண்ணியமாகப் போகும்.

வேறொன்றோடு ஒப்பிடும்போது நான் செய்துகொண்டிருந்த தவறு, போனில் ஒரே வால்யூமில் வைத்து ஒப்பிட்டது. ஒவ்வொரு இயர்போனுக்கும் உணர்திறன் வேறு. ஒரே வால்யூமில் ஒன்று கத்தும், இன்னொன்று முனகும். இரண்டு டெசிபல் கூடுதலாகக் கேட்பதையே காது ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். குரலின் அளவு இரண்டிலும் ஒன்றாகும்வரை வால்யூமைச் சரிசெய்துவிட்டு ஒப்பிட்டபோது, ஆஹா என்று நான் கொண்டாடிய இரண்டு இயர்போன்கள் சப்பென்று ஆகிவிட்டன.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களை நான் இப்போது படிப்பதில்லை. ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்பது மனிதக் காதின் எல்லை. எந்த அலைவரிசையில் எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை அதற்கு அர்த்தமில்லை. ‘40,000 வரை’ என்று போடுகிறார்கள், வௌவால் வாங்கினால் பயன்படும். டிரைவர் எண்ணிக்கையும் அப்படித்தான். பக்கத்துக்கு ஐந்து டிரைவர் இருந்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் ஒற்றை டிரைவரே மேல்.

‘புது இயர்போனை ஐம்பது மணி நேரம் ஓடவிட்டால் சவுண்ட் திறந்துகொள்ளும்’ என்பார்கள். என் விஷயத்தில் பழகியது என் காதுதான். ஒரு வாரம் வேறு இயர்போன் போட்டுவிட்டு இதற்குத் திரும்பினால், மூன்று வருடம் ஓடிய இதே டிரைவர் முதல் நாள் போலவே கூர்மையாகக் கேட்கிறது. அரை மணி நேரத்தில் மறுபடி சரியாகிவிடுகிறது. அரை மணி நேரத்தில் டிரைவரா மாறும்?

போட்டுக்கொள்ள வசதியா என்பதை இருபது நிமிடத்தில் சொல்ல முடியாது. முதல் மணி நேரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மணி நேரத்தில் காதுக் கிண்ணத்தின் குருத்தெலும்பில் இயர்போன் கூட்டின் விளிம்பு ஓரிடத்தில் உரச ஆரம்பிக்கும். மூன்றாவதில் அந்த ஒரு புள்ளி மட்டும் எரியும். என் வலது காதில் அப்படி ஒரு புள்ளி உண்டு. கூட்டை அரை மில்லிமீட்டர் முன்னால் திருப்பி வைத்தால் தப்பிக்கலாம். கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொரு தகராறு. கண்ணாடிக் கம்பியும் காதைச் சுற்றும் வயரும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். முதல் வயரில் வளைத்தால் அப்படியே நிற்கும் உள்கம்பி இருந்தது, அது காதின் பின்பக்கத்தை அறுத்தது. இப்போதுள்ள வயரில் மெத்தென்ற வளைவு மட்டும்தான், கண்ணாடியோடு ஒத்துப்போகிறது. ஒருக்களித்துப் படுத்துக் கேட்க இது ஆகாது.

காதை அடைப்பதில் வரும் பக்கவிளைவு ஒன்றைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. நடந்தால் குதிகால் விழும் ஒவ்வொரு அடியும் தலைக்குள் ‘தொம் தொம்’ என்று கேட்கும். எதையாவது மென்றால் அரவை இயந்திரம். போனில் பேசும்போது தலைமேல் குடத்தைக் கவிழ்த்ததுபோல உங்கள் குரலே உங்களுக்குள் முழங்கும். வெளியே போகவேண்டிய அதிர்வு உள்ளேயே அடைபடுவதுதான் காரணம், பழுதில்லை. நான் பேசும்போது ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுவேன். வயர் சட்டையில் உரசும் சத்தம் வேறு விஷயம். வயரைக் காதுக்கு மேலே சுற்றிப் போடுவதில் அது பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது.

அடைப்பதில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. வெளிச்சத்தம் குறைவதால் வால்யூமை ஏற்றத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். இரைச்சலோடு போட்டி போட்டு ஏற்றும் அந்தப் பத்து டெசிபலில் பத்தில் ஒன்பது பங்கு நேரம் போய்விடுகிறது. நுரை டிப் இன்னும் நன்றாக அடைக்கும், ‘ஸ்’ ஒலியையும் கொஞ்சம் ஆற்றும். ஆனால் எனக்கு மூன்று மாதத்தில் அழுக்கேறித் தொய்ந்துவிட்டது. ரப்பருக்கே திரும்பிவிட்டேன்.

இனி நீடித்த கதை. ஒன்பதாவது மாதம் இயர்போனைக் கழற்றினேன், வெறும் முனை மட்டும் கையோடு வந்தது. இடது டிப் காதுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதன் விளிம்பு வெளியே தெரிந்ததால் இன்னொருவரை விட்டு எடுத்தேன், இல்லாவிட்டால் மருத்துவரிடம்தான் ஓடியிருக்க வேண்டும். ரப்பர் நாளாவட்டத்தில் தளரும். முனையில் அது கெட்டியாகப் பிடிக்கிறதா என்று இப்போது இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுகிறேன்.

பதினாலாவது மாதம் வலது பக்கம் மங்க ஆரம்பித்தது. டிரைவர் போய்விட்டது என்றே நினைத்தேன். ஒரு சந்தேகத்தில் இரண்டு பக்க வயரையும் மாற்றி மாட்டினேன். அப்படியும் மங்கியது அதே வலது கூடுதான், ஆக வயரில் பழுதில்லை. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வலை முழுக்கப் பழுப்பாக ஒரு படலம். காதுக் குறும்பி! முனையைக் கீழே பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, உலர்ந்த மென்மையான பல் துலக்கியால் தட்டித் தட்டி எடுத்தேன். மேலே பார்க்கப் பிடித்தால் அழுக்கு உள்ளே போகும். முக்கால்வாசி திரும்பி வந்தது. மீதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் இரண்டு இரவு வைத்த பிறகு வந்தது. வியர்வை ஈரமும் வலையை அடைத்திருந்திருக்கிறது. ஒரு பக்கம் சத்தம் குறைந்தது என்று தூக்கிப் போட்ட என் பழைய இயர்போன்களில் எத்தனை உயிரோடு போயினவோ!

இருபதாவது மாதம் வந்தது பழைய எதிரி. ஜாக் பக்கம் கரகரப்பு, பிறகு இடது பக்கம் விட்டு விட்டு. வயருக்குள் இருப்பது மயிர் போன்ற செப்பிழைகள், ஒவ்வொன்றின் மேலும் எனாமல் பூச்சு, நடுவில் வலுவுக்கு நூல். கெட்டியான ஜாக் முடிந்து மெல்லிய வயர் தொடங்கும் இடத்தில்தான் எல்லா வளைவும் விழுகிறது. இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. பழைய இயர்போன் ஒன்றை நானே வெட்டி ஈயப்பற்று வைக்கப் போய்த் தோற்றிருக்கிறேன். அந்த எனாமலைச் சுட்டோ சுரண்டியோ எடுக்காமல் ஈயம் ஒட்டவே ஒட்டாது என்பது அன்றைக்குத் தெரியாது.

இந்த முறை புது வயர் வாங்கி ஒரு நிமிடத்தில் மாட்டினேன். மாட்டியதும் வயிற்றைக் கலக்கியது. குரல் நடுவில் நிற்காமல் தலைக்கு வெளியே எங்கோ மிதந்தது, மிருதங்கத்தில் தொப்பியை மறுபடி காணோம்! டிப்பை அழுத்தினேன், மாற்றினேன், பயனில்லை. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. இது 0.78 மி.மீ. இரண்டு ஊசி வகை, ஒரு பக்கத்து ஊசியைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். ஒரு டிரைவர் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகிறது, இரண்டு காதுக்கும் எதிரெதிராக வருவதால் பேஸ் நடுவில் சேராமல் மெலிந்ததாகத் தோன்றுகிறது. திருப்பிச் செருகியதும் குரல் டக்கென்று நெற்றிக்கு நடுவில் வந்து நின்றது.

கழற்றிய பழைய வயரைப் பார்த்தால், தெளிந்த உறைக்குள் செம்பு பச்சை கட்டியிருந்தது. காதுக்குப் பின்னால் வியர்வை படும் இடம் மட்டும் விறைத்துக் குச்சியாகியிருந்தது. புது வயரைப் போனைச் சுற்றி இறுக்குவதில்லை. மூன்று விரல் அகலத்துக்குத் தளர்வாகச் சுருட்டிப் பையில் போடுகிறேன், கழற்றும்போது ஜாக்கைத்தான் பிடிக்கிறேன். இதுவரை கரகரப்பு இல்லை.

பழைய வயரில் இருந்த மைக் சுமார், காற்றடித்தால் எதிர்முனைக்கு ஒன்றும் புரியாது. புது வயரில் மைக்கே இல்லை, குறையாகவும் தெரியவில்லை. போனில் ஜாக் இல்லாதவர்கள் சார்ஜர் துளையில் செருகி ஜாக்கை மாட்டிக்கொள்ளும் யுஎஸ்பி-சி டாங்கிள் வைத்துக் கேட்கலாம், என்னுடையது அப்படித்தான் ஓடுகிறது.

இப்போதைய நிலைமை: டிரைவர் இரண்டும் நலம். இடது கூட்டில் ஒரு மெல்லிய விரிசல், பசை வைத்திருக்கிறேன். எல், ஆர் எழுத்துகள் எப்போதோ அழிந்துவிட்டன. இருட்டில் எது எந்தப் பக்கம் என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன். பெரிய டிப் இருப்பது இடது.